குடியுரிமையும் அரசமைப்பு அறிவும்: லிங்கி வட்டாரத் தோட்டத் தமிழரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

குடியுரிமை வேண்டி விண்ணப்பிப்போர், தாம் குடிமக்களாக விரும்பும் நாட்டின் அரசாங்க முறையைப் பற்றிய அடிப்படைச் செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இன்று பல நாடுகளில் உள்ளது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டில் சீரமைக்கப்பட்ட தேர்வு 100 வினாக்களைக் கொண்ட பட்டியலை உடையது. அவற்றுள் 10 வினாக்கள் கேட்கப்படும். 6 வினாக்களுக்குச் சரியான விடை அளித்தால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு அப்பட்டியல் 128 வினாக்களாக விரிவடைந்தது. 20 வினாக்களுக்கு 12 சரியான விடைகள் வேண்டும் என்றாயிற்று. பிரிட்டன் 2005ஆம் ஆண்டிலும் ஆஸ்திரேலியா 2007ஆம் ஆண்டிலும் இத்தகைய தேர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இலண்டனில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், அந்நாட்டுத் தேர்வுக் கையேட்டை இரவுப் பணிக்கிடையே மனனம் செய்துகொண்டிருந்த இலங்கைத் தமிழர் சிலரை அறிவேன். அரசர்களின் ஆட்சியாண்டுகளை அவர்கள் ஒப்பித்த அளவுக்கு அந்நாட்டில் பிறந்தோர் ஒப்பிப்பரா என்பது ஐயமே.

மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில் இத்தகைய நிபந்தனை வெளிப்படையாக இடம்பெறவில்லை. வசிப்புக்காலம், நன்னடத்தை, நிலையாக வாழும் எண்ணம், மலாய்மொழி அறிவு ஆகியனவே அதில் சுட்டப்படும் தகுதிகள். எனினும் மொழியறிவைச் சோதிக்கும் நேர்காணலில் பேசுவதற்கு ஒரு பொருள் வேண்டுமல்லவா? பேரரசர் யார், பிரதமர் யார், ருக்குன் நெகாராவின் கோட்பாடுகள் எவை என்னும் வினாக்களே அங்கு எழுகின்றன என்பது நேர்காணலுக்குச் சென்று திரும்பியோர் பலர் கூறும் செய்தி. இவ்வாறு, சட்டம் கேளாத அரசமைப்பு அறிவு, சட்டம் கேட்கும் மொழியறிவினுள் அடங்கி நிற்கிறது.

தோட்டத் தமிழருள் ஒரு பகுதியினர் குடியுரிமை பெறாமற்போனமைக்கு அவர்தம் அரசியல் அறியாமையும் தாயகப் பற்றும் காரணங்களாகப் பொதுவாகக் கூறப்படுகின்றன. இவ்விரண்டும் முற்றிலும் பொய்யல்ல. ஆயின் இவற்றை முதற்காரணங்களாகக் கொள்வதற்குச் சட்டங்களின் வாசகமே இடந்தரவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் லிங்கி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒவ்வொரு சட்டமும் அங்குள்ள பால்வெட்டுத் தொழிலாளியிடம் எதனைக் கேட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆற்றின் இரு கரைகள்

லிங்கி, போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அவ்வூர்ப் பெயரையே தாங்கிய ஆறு சிரம்பான் பகுதியிலிருந்து தெற்கு நோக்கி வந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கின் ஈயம் இவ்வாற்றின் வழியே வெளியேறியது. ஆற்றுச் சுங்கம் பற்றிய பூசல்களே ஆங்கிலேயர் 1874ஆம் ஆண்டில் உள்ளே நுழைவதற்கு வாயிலாயின. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தபின் ஆற்றின் வணிகச் சிறப்புக் குன்றியது. ஈயத்தை அடுத்துக் காப்பியும், காப்பியை அடுத்துக் கித்தாவும் வந்தன. லிங்கி என்னும் பெயர் இலண்டன் பங்குச் சந்தையில் ஒரு கித்தாக் கம்பெனியின் பெயராகவும் வழங்கியது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் வந்த தொழிலாளர் இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் குடியேறினர். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடை செய்ததும் அவ்வரவு நின்றது.

குடியுரிமை வரலாற்றைப் பொறுத்தவரை இவ்வாற்றுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் கீழ்ப்பகுதி நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக அமைகிறது. நெகிரி செம்பிலான், ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருந்த மலாய் மாநிலம். மலாக்காவோ முடியாட்சிக்குரிய குடியேற்றப் பகுதி. ஆகவே மலாக்காக் கரையில் பிறந்த குழந்தை, பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. எதிர்க்கரையில் பிறந்த குழந்தைக்கு மண்ணால் அந்நிலை வாய்க்கவில்லை. இரு கரையிலும் வெட்டியது ஒரே மரம். வாங்கியது ஏறக்குறைய ஒரே சம்பளம்.

1948 பிப்ரவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை இவ்வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து கூட்டரசில் நிலையாக வாழும் பிரிட்டிஷ் பிரஜை தாமாகவே கூட்டரசுக் குடிமகனாவார். மலாய் மாநிலத்தில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜைக்கோ, தந்தையும் இங்கேயே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தை 15 ஆண்டுகள் தொடர்ந்து இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். மற்றையோர் விண்ணப்பித்துப் பெறலாம்; அதற்கு மலாய் அல்லது ஆங்கில அறிவு தேவைப்பட்டது.

இதனை விளக்கக் கற்பனையாக ஒரு தொழிலாளியைக் கொள்வோம். 1936இல் லிங்கியின் வடகரைத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. தந்தை 1928இல் கங்காணியோடு வந்தவர். தாயும் தமிழ்நாட்டிலே பிறந்தவர். 1948இல் இச்சிறுமிக்கு வயது 12. இவளது உரிமை, தந்தையின் 15 ஆண்டுத் தொடர் வசிப்பைப் பொறுத்தது. அத்தொடர்ச்சியை எங்ஙனம் மெய்ப்பிப்பது? இடையே ஊருக்குச் சென்று திரும்பியிருக்கலாம். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டிருக்கலாம். துரைமார் சிறைப்பட்டும் வெளியேறியும் போன அவ்வாண்டுகளின் கணக்கை எவரிடம் கேட்பது? 1952இல் சட்டம் திருத்தப்பட்டு மாநிலக் குடியுரிமை என்னும் கருத்து வந்தபோது, மாநிலத்தில் பிறந்தவரின் பெற்றோருள் ஒருவரேனும் கூட்டரசில் பிறந்திருத்தல் வேண்டும் எனப்பட்டது. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு அதுவும் பொருந்தவில்லை. இவற்றுள் எந்த இடத்திலும் அவளது அரசியல் அறிவு வினாவாகவில்லை என்பது கருதத்தக்கது.

தோட்டத்தின் அரசாங்கம்

தோட்டத் தமிழருக்கு அரசாங்கம் என்பது என்னவென்றே தெரியாது என்னும் கூற்று, அவர்கள் நாள்தோறும் ஓர் அரசாங்கத்தின் கீழ் வாழ்ந்தனர் என்பதை மறந்த கூற்று. துரை, சின்னத்துரை, கிராணி, தண்டல், கங்காணி என்னும் படிநிலையை ஐந்து வயதுப் பிள்ளையும் அறியும். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுதல், செக்ரோலில் பதிதல், லயத்தில் வீடு ஒதுக்குதல், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விடுதல், தோட்டத்து மருத்துவமனையில் மருந்து பெறுதல், வழக்குத் தீர்த்தல், தண்டம் விதித்தல் ஆகிய யாவும் அவ்வரசாங்கத்தின் துறைகள். இரவீந்திர கே. ஜெயின் 1960களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டம் ஒன்றில் தங்கி எழுதிய மானிடவியல் நூல், இம்முழுமையான கட்டமைப்பை நுணுக்கமாக விளக்குகிறது. தமிழாசிரியர்கள் படித்திருக்க வேண்டிய நூல் அது; தமிழில் அதற்கு இன்னும் ஒரு நல்ல சுருக்கம் வேண்டும்.

இதில் கருத வேண்டியது, மாநில அரசாங்கத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே தோட்டம் நின்ற நிலை. பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பே தோட்டத்தைச் சார்ந்ததாயிற்று: 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பிறப்பைப் பதிவு செய்வதும் பெரும்பாலும் கிராணி அல்லது தோட்டத்து மருத்துவ உதவியாளர் வழியாகவே நடைபெற்றது. அவர் எழுதியபடி பெயர். அவர் நினைவின்படி நாள். முருகாயி என்பவர் ஒரு தாளில் ஒருவாறும் மற்றொரு தாளில் வேறொருவாறும் எழுதப்படுவார். தந்தையின் பெயர் மூன்றாம் வடிவம் எடுக்கும். பிறந்த செய்தி செக்ரோலில் இருக்கும். பதிவு அலுவலகத்தில் இராது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 12 வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் அடையாள அட்டை பெற வேண்டியதாயிற்று. கூட்டரசு அரசாங்கம் தோட்டத் தொழிலாளியின் முகத்தை நேராகப் பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொண்ட முதல் நிகழ்ச்சி அதுவே எனலாம். அதன் நோக்கம் பாதுகாப்பு. உரிமை வழங்குதல் அன்று.

இந்தியத் தரப்பிலும் தெளிவில்லாத காலம் அது. மலாயா இந்தியர் காங்கிரசை 1946இல் தொடங்கிய ஜோன் திவி, அடுத்த ஆண்டிலேயே மலாயாவுக்கான இந்திய அரசின் பிரதிநிதியானார். மலாயாவின் அரசியல் அமைப்பைத் தொடங்கியவரே இந்தியாவின் பேராளராக அமர்ந்த நிலையில், தோட்டத்து மக்கள் எந்நாட்டவர் என்று கேட்டால் அவர்கள் எவ்விடை கூறுவர்? 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 8ஆம் பிரிவு, வெளிநாடுகளில் வாழும் இந்திய வழியினர் தூதரகங்களில் பதிந்து இந்தியக் குடிமக்களாகலாம் என்று இன்னொரு கதவையும் திறந்து வைத்தது. நேருவின் அறிவுரையோ, வாழும் நாட்டுக்கு உண்மையாயிருங்கள் என்பதாக இருந்தது. தோட்டத்துக்கு இவ்விரு குரல்களும் செய்தித்தாள் வழியே வந்து சேர்ந்தன.

ஓராண்டு திறந்திருந்த கதவு

1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றபோது நிலைமை பெரிதும் மாறியது. அரசமைப்பின் 16ஆம் பிரிவின்படி, விடுதலைக்கு முன் கூட்டரசில் பிறந்து 18 வயது நிறைந்தவர், முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருப்பின், பதிவின் மூலம் குடிமகனாகும் உரிமை பெற்றார். நன்னடத்தையும் தொடக்கநிலை மலாய் அறிவும் வேண்டும். ஆனால் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழி நிபந்தனை இல்லை. 17ஆம் பிரிவு, வெளிநாட்டில் பிறந்து விடுதலை நாளில் இங்கு வாழ்ந்தவருக்கானது. 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வசிப்பு வேண்டும். மலாய் அறிவும் வேண்டும். 45 வயது கடந்தோர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அவர்க்கும் விலக்கு உண்டு.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு அப்போது வயது 21. அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்று எவரும் கேளார். மலாய் பேசச் சொல்லியும் கேளார். அவள் செய்யவேண்டியதெல்லாம் 1958 ஆகஸ்டு இறுதிக்குள் இங்குப் பிறந்ததைக் காட்டி, பாரம் நிரப்பி, பற்றுறுதிச் சத்தியம் செய்வதே. கேட்பதற்கு எளிது. பிறப்புப் பத்திரம் இல்லையெனில் சாட்சி வேண்டும். சாட்சியாகத் தக்கவர் கிராணியாகவோ ஆசிரியராகவோ இருத்தல் வேண்டும். பட்டணத்துக்குப் போக ஒருநாள் வேலை போகும். பால்வெட்டில் ஒருநாள் என்பது ஒருநாள் சம்பளம். மழைக்காலத்தில் பல நாள் சம்பளத்துக்கு ஈடு. சத்தியத்தில் வேறெந்த நாட்டுக்குமுரிய பற்றினையும் முற்றாகத் துறக்கிறேன் என்னும் வாசகம் இருந்தது. தாய்தந்தையர் ஊரில் ஒரு துண்டு நிலமும் வயதான பாட்டியும் இருக்கும் குடும்பத்துக்கு அவ்வாசகம் எங்ஙனம் கேட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். இதனை அறியாமை என்பதினும் அச்சம் என்பதே பொருந்தும்.

அதே ஆண்டில் மற்றொரு விந்தை நிகழ்ந்தது. 14ஆம் பிரிவின்படி, விடுதலை நாளன்றும் அதன் பின்னும் கூட்டரசில் பிறந்த குழந்தை, பெற்றோர் யாராயினும், குடியுரிமை உடையது. ஆகவே ஒரே லயத்தில், ஒரே தாய்க்கு 1956இல் பிறந்த மூத்த பிள்ளை அயலார். 1958இல் பிறந்த இளைய பிள்ளை குடிமகன். இம்மண்பிறப்பு உரிமை 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சுருங்கியது: பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 17ஆம் பிரிவும் நீக்கப்பட்டது.

வாக்காளர் எண்ணிக்கை இதன் விளைவை ஓரளவு காட்டும். 1957 குடிமதிப்பின்படி இந்தியர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளருள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். சீனர் 11 விழுக்காட்டினர். இந்தியரும் பிறரும் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 1959இல் இந்தியர் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது, கதவு திறந்தபோது கணிசமானோர் உள்ளே வந்தனர். அலட்சியமே முதற்காரணமாயின் இவ்வுயர்வை விளக்குதல் அரிது.

எங்கெல்லாம் தமிழில் எடுத்துச்சொல்வார் இருந்தனரோ அங்கெல்லாம் பதிவு நடந்தது என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. அங்கு 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, 1935இல் தமிழ்முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, தமிழ்த் தொழிலாளர் குடியுரிமை பெறவேண்டும் என்பதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். பத்திரிகை எழுதியது, சங்கங்கள் பாரம் நிரப்பிக் கொடுத்தன. தீவு ஒன்றில், துறைமுகத்தையும் நகராண்மையையும் சுற்றி வாழ்ந்த மக்களிடையே இது இயன்றது. மலாயாவில் சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்கு ஒவ்வொன்றாகச் செல்வது வேறு வகைப் பணி. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன் முதலியோரின் முயற்சியால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவாகியிருந்தது. எனினும் சங்கத்தாரும் தோட்ட எல்லைக்குள் நுழைய நிர்வாகத்தின் இசைவை நாடவேண்டியிருந்த காலம் அது.

இலங்கையையும் ஒரு சொல்லில் ஒப்பிடலாம். அங்கு 1949ஆம் ஆண்டு இந்தியர் பாகிஸ்தானியர் வதிவுச் சட்டத்தின்கீழ் மலையகத் தமிழர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன; குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அவர்கள் கேட்டனர், மறுக்கப்பட்டனர். மலாயாவில் மறுப்பு அத்துணை வெளிப்படையாக நிகழவில்லை. இதனாலேயே பழி தொழிலாளியின் தலையில் எளிதாக ஏறிற்று.

சிவப்பு அட்டை

ஓராண்டு கழிந்தபின் 16ஆம் பிரிவின் கீழ் மலாய்த் தேர்வு கட்டாயமாயிற்று. திருமணமான பெண்ணுக்கு வேறொரு வழி இருந்தது. கணவர் குடிமகனாயிருப்பின் 15ஆம் பிரிவின்படி மொழித் தேர்வின்றியே பதிவு பெறலாம். ஆயின் சட்டம் மனைவி எனக் கொள்வது, பதிவு செய்யப்பட்ட திருமணத்தின் மனைவியை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில், ஊரார் முன்னிலையில் தாலி கட்டிய திருமணங்களுக்குப் பதிவு ஏது? திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. பிறப்புப் பத்திரத்தை அடுத்துத் திருமணப் பத்திரமும் இவ்வாறு தடையாக நின்றது. சிவப்பு அட்டை வைத்திருப்போருள் முதிய பெண்கள் பலராயிருப்பதன் பொருள் இதுவே என்பது என் கணிப்பு.

குடிமக்களுக்கு நீலநிற அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்புநிற அட்டை என்னும் வேறுபாட்டின் முழு எடையும் 1969இல் தெரிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதார் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்றது. மே கலவரத்துக்குப் பின் அது கடுமையாகச் செயற்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டைவிட்டு வெளியேறினர் என்பது ஆய்வாளர் பலரும் எடுத்தாளும் கணக்கு. பெரும்பாலோர் இந்நாட்டில் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள். சிலர் இங்கேயே பிறந்தவர்கள். பினாங்கிலும் கிள்ளானிலும் கப்பலேறியோர், தாம் ஒருபோதும் பார்த்திராத ஊருக்குத் திரும்பினர் என்று எழுதுவது சொல் முரணாகத் தோன்றலாம், நிகழ்ந்தது அதுதான்.

மொழித்தேர்வினுள் அரசாங்கம்

இனி, கற்கவேண்டியதாக இருந்த அந்த அரசமைப்பு அறிவுதான் எத்தகையது? அது லிங்கி மக்களுக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது?

நாட்டின் முடியாட்சி முறையை விளங்கிக்கொள்ள நெகிரி செம்பிலானைவிடச் சிறந்த பாடசாலை இல்லை. பிற மாநிலங்களில் அரசுரிமை தந்தைவழி வருவது. இங்கோ சுங்கை ஊஜோங், ஜெலபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங் எனப்படும் தலைவர்கள் கூடி, அரச குடும்பத்தினுள் ஒருவரை யாங் டி பெர்த்துவான் பெசாராகத் தேர்ந்தெடுப்பது மரபு. லிங்கிக்கும் டத்தோ மூடா என்னும் தலைமைப் பதவி உண்டு. 1957இல் ஒன்பது மலாய் ஆட்சியாளரும் தமக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பேரரசராகத் தேர்ந்தெடுக்கும் முறை அமைந்தபோது, இம்மரபு நினைவுக்கு வராமலிராது. முதற் பேரரசரும் இம்மாநிலத்தின் ஆட்சியாளரான துவாங்கு அப்துல் ரஹ்மானே. 1967இல் பேங்க் நெகாரா வெளியிட்ட முதற் பணத்தாள்களிலிருந்து அவர் உருவமே நாணயத்தாள்களில் இடம்பெற்று வருகிறது. லிங்கித் தோட்டத்துப் பெண், தன் சம்பளத்தை எண்ணும்போதெல்லாம் தன் மாநில அரசரின் முகத்தையே எண்ணினாள். பேரரசர் யார் என்னும் வினாவுக்கு அம்முகத்தைக் காட்டும் முதியோர் இருப்பின், விடை தவறுதான். ஆனால் அது வெறும் அறியாமை ஆகாது.

மொழியின் நிலையும் இதுவே. லிங்கி மலாய்க் கிராமங்கள் சூழ்ந்த வட்டாரம். சந்தையிலும் வண்டியிலும் மலாய் பேசாத தொழிலாளி அரிது. ஆனால் சந்தை மலாயில் நாடாளுமன்றம் என்னும் சொல்லுக்கு வேலையில்லை. நேர்காணலில் எதிர்ப்படும் மலாய், அலுவலக மலாய். அரச குடும்பத்தைக் குறிக்கும்போது தனி மரியாதைச் சொற்கள் வேண்டும் மலாய். மீன் வாங்கத் தெரிந்தவர் அமைச்சரவையைப் பற்றிப் பேசத் தெரியாது நிற்பதை மொழியறிவின்மை என்று பதிவு செய்தல் பொருந்துமா?

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கு ஒரு செய்தி. மலாய் அரசியற் சொற்களுள் கணிசமானவை வடமொழி வழி வந்தவை. அவற்றின் உறவுச் சொற்கள் தமிழ்ப் பேச்சில் உலவுகின்றன. மெந்திரி என்பது மந்திரி. பெர்டானா மெந்திரி என்பது பிரதான மந்திரி. நம் முதியோர் பிரதமரை அவ்வாறு அழைத்தும் உள்ளனர். நெகாரா, நெகிரி ஆகிய இரண்டும் நகர, நகரி என்பனவற்றின் வடிவங்கள். வார்கா நெகாரா என்னும் குடிமகன், வர்க்கமும் நகரமும் சேர்ந்தவன். பஹாசா என்பது பாஷை; பங்சா என்பது வம்சம். கெராஜாஆன் என்னும் அரசாங்கத்தின் நடுவே ராஜா அமர்ந்திருக்கிறார். 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் இரண்டாம் கோட்பாட்டில் வரும் செத்தியா, ராஜா, நெகாரா என்னும் மூன்றும் சத்தியம், ராஜா, நகரம் என்பவற்றின் உறவினர். பெர்லெம்பாகாஆன் என்னும் அரசமைப்புச் சட்டத்தின் அடிச்சொல்லான லெம்பாகாவோ, நெகிரி செம்பிலானில் குலத்தலைவரைக் குறிக்கும் பட்டப்பெயர். எழுத்தறியாத முதியவருக்கும் இவ்வழியில் ஒரு பிற்பகலில் இருபது சொற்களை நிலைநிறுத்தலாம். பயன்படுத்தாமல் விட்ட வசதி இது. தமிழ்ப்பள்ளி மாலையில் பூட்டிக் கிடந்த காலத்தில் பிள்ளைகளின் தாயாருக்கு இதனைக் கற்பித்திருக்கலாம் என்று எண்ணாமலிருக்க இயலவில்லை.

இதே சட்டத்தில் அறிவின் அளவு பற்றியும் ஒரு நுட்பம் உண்டு. இங்குப் பிறந்தோர்க்குரிய 16ஆம் பிரிவு தொடக்கநிலை மலாய் அறிவையே கேட்கிறது. 19ஆம் பிரிவு, அயல்நாட்டவர் இயல்புரிமை பெறுவதற்கானது. அது போதிய அறிவைக் கேட்கிறது. 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பும் வேண்டும். வழங்குவதும் வழங்காததும் அரசாங்கத்தின் விருப்பு. இங்குப் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாதவர், முதல் வரிசையில் நிற்கும் உரிமையுடையவராயினும் இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்படுகிறார். அங்கே தேர்வும் கடினமாகிறது. தாள் இல்லாமையே அறிவுத் தேர்வைக் கடினமாக்கும் இத்தொடர்பைக் குடியுரிமை பற்றிய எழுத்துகள் போதிய அளவு எடுத்துக்காட்டவில்லை.

அண்மைக்கால நிலை

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லிங்கி வட்டாரத்துக் குடும்பங்களும் போர்ட்டிக்சன், சிரம்பான் முதலிய ஊர்களுக்குப் பெயர்ந்தன. தோட்டம் கைமாறும்போது செக்ரோலும் கிராணியும் மறைவதால், பிறப்புக்கிருந்த கடைசிச் சான்றும் மறைந்தது.

2011 பிப்ரவரியில் மைடஃப்தார் என்னும் பெயரில் நாடு தழுவிய பதிவு இயக்கம் நடைபெற்றது. 2018 ஜூலையில் கூட்டரசு அரசாங்கம், சிவப்பு அட்டை வைத்திருக்கும் 60 வயதும் அதற்கு மேலுமான இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்க முடிவு செய்ததாக அறிவித்தது. இவ்வயது வரம்பைச் சற்றே ஆராய வேண்டும். 2018இல் 60 வயது நிறைந்தவர் 1958க்குள் பிறந்தவர். ஆகவே அப்பட்டியலில் இடம்பெற்றோருள் பெரும்பாலோர், 1957 ஆகஸ்டு 31க்கு முன் பிறந்தமையால் மண்பிறப்பு உரிமை கிட்டாத தலைமுறையினர். மூத்த பிள்ளையாகப் பிறந்ததொன்றே அவர்கள் செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 13இல் போர்ட்டிக்சன் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. லிங்கி சட்டமன்றத் தொகுதி அதனுள் அடங்கும். வாக்காளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இந்தியர். சிவப்பு அட்டையோடிருந்த முதியோர், வாக்களிக்கச் சென்ற பேரப்பிள்ளைகளை வழியனுப்பியிருப்பர்.

2024 அக்டோபர் 17இல் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், மலேசியத் தாயார் வெளிநாட்டில் பெறும் பிள்ளைகளுக்கு உரிமை அளித்தமைக்காகப் பெரிதும் வரவேற்கப்பட்டது, அவ்வரவேற்பு தகும். அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்குப் பிறக்கும் பிள்ளை தாமாகக் குடியுரிமை பெறும் வழி நீக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டுத் திருத்தம் விட்டுவைத்த அவ்வழியாகத்தான் சிவப்பு அட்டைத் தாய்மாரின் பிள்ளைகள் நீல அட்டை பெற்றனர். இனி அத்தகைய பெற்றோரின் பிள்ளை விண்ணப்பித்தே பெறவேண்டும். அவ்விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவற்றுள் முதலாவது பிறப்புப் பத்திரம். இரண்டாவது பெற்றோரின் திருமணப் பத்திரம்.